சூசையின் பெட்டிக்குள்ள ஒரு பொடியன்

ஒரு ஊர்ல ஒரு கடல். அந்தக் கடல்ல ஒரு வள்ளம், வள்ளத்துல ஒரே ஒரு ஆளு. அவன் பேரு சூசை. ம் சொல்லு கண்ணு... ம்.

அவன் பொண்டாட்டி புஷ்பம், நிறைமாசம். "சாயங்காலம் வந்துருவீங்கல்ல?"ன்னு கேட்டா. "வராம எங்க போவேன்?"னு கிளம்பிட்டான்.

வள்ளத்துல வழி காட்டுற ஜிபிஎஸ் பெட்டி ஒண்ணு. அதுக்குள்ள கடுகத்தனை பொடியன் ஒருத்தன் குடியிருந்தான். சொன்னத ஞாபகம் வச்சுக்கிறதுதான் அவன் வேலை. படிச்சவங்க அவன டேட்டாபேஸ்னு சொல்றாங்க, நமக்குப் பொடியன் போதும். தினமும் கிளம்பும்போது சூசை பட்டன அமுக்கி, "இதுதான்டா நம்ம துறை, எழுதிக்கோ"ம்பான். அன்னிக்கும் அமுக்கினான். அவசரக்குடுக்கை! பொடியன் எழுதி முடிக்கிறதுக்குள்ள கால் தட்டி ஒயரு பொட்டுனு புடுங்கிக்கிச்சு. திரும்ப மாட்டிட்டு, அவன் பாட்டுக்குப் போயிட்டான்.

அப்புறம் நடுக்கடல்ல மழை, சோ...ன்னு. கரை எந்தப் பக்கம்னே தெரியல.

அப்போ ஒரு அலை, தடால்! பெட்டி அணைஞ்சுது. துடைச்சான், தட்டினான், மினுக்குன்னு எரிஞ்சுது. அப்புறம் பேட்டரி செத்துச்சு. வேற மாட்டினான், மறுபடி மினுக்கு. அப்போதான் காலைல ஒயரு புடுங்கினது ஞாபகம் வந்துச்சு. அய்யோ! பாதி மட்டும் எழுதியிருந்தா வள்ளம் பாறையில இல்ல போய் மோதும்?

"மாதாவே, என் புள்ள முகத்தப் பாக்கணும்"னு அழுதுட்டான்.

பெட்டிக்குள்ள இருந்து ஒரு கீச்சுக்குரல். "அழாதீங்கண்ணே. பாதில நின்னத அப்பவே அழிச்சிட்டேன். நேத்து எழுதினது அப்படியே இருக்கு. எழுதினா முழுசா எழுதுவேன், இல்லன்னா எழுதவே மாட்டேன்."

அம்புக்குறி மெல்லத் திரும்புச்சு. சூசை அது பின்னாடியே போனான். மழை விலகினா, எதிர்ல துறை!

அப்போ ட்ரிங் ட்ரிங்னு செல்போன். அதுல புஷ்பம்னு பேரு.

"அந்தப் பேர வச்சிருக்கிறதும் எங்காளுதாண்ணே"ன்னான் பொடியன். "ஒவ்வொரு போன்லயும் இருக்கோம். டிவில, காருல, அதோ மேல போற ஏரோப்ளேன்லகூட."

சூசைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அம்மாடி! எத்தன கோடிப் பொடியனுங்க, ஒரு சத்தம் இல்லாம!

"வலி எடுத்துடுச்சுங்க, எங்க இருக்கீங்க?"ன்னா புஷ்பம், போன எடுத்ததும்.

"வந்துட்டேன் புள்ள, வந்துட்டேன்!"

அப்புறம் குவா குவான்னு ஒரு பொம்பளப் புள்ள. சூசை போன்ல போட்டோ எடுத்தான். எடுத்தவன் நின்ன இடத்த விட்டு அசையல.

"என்னங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க?"

"ஷ்ஷ்... பொடியன் எழுதி முடிக்கட்டும்."

ம் காணோமே? சரி, கதை கரையேறிடுச்சு, வள்ளத்த இழுத்துக் கட்டியாச்சு. கண்ண மூடு.