கேப்டன் கொப்பையாவின் கப்பல்

மந்திப்பாளையத்தில் டி.வி. இருந்தது சடையாண்டி வீட்டில் மட்டும்தான். அதில் மாட்டி விளையாடுகிற கம்ப்யூட்டர் ஒன்றை அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். விளையாட்டைப் பதிந்திருந்த கேசட் கீச்சுக்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும் திரையில் வானம் வந்தது. நடுவில் கோடுகோடாக ஒரு கப்பல்.

“கேப்டன் பேரு கேக்குது” என்றார் மச்சான்.

சடையாண்டியின் சிநேகிதர்கள் மூவரும் வந்திருந்தார்கள். எல்லாரையும் முந்திக்கொண்டு கொப்பையா தன் பேரைச் சொன்னான். சொன்னதிலிருந்து அவன் நடையே வேறாகிவிட்டது.

மச்சானுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஒரு கிரகத்துல சரக்கு ஏத்தி இன்னொண்ணுல விக்கணும். வழியில கொள்ளைக்காரன் வந்தா சுடணும். சரக்கு இறக்குற நிலையம் சுத்திக்கிட்டே இருக்கும். அது சுத்துறபடியே நாமளும் சுத்திக்கிட்டு உள்ள போகணும். அவ்வளவுதான்.”

சரக்குக்காகப் பூவலிங்கம் வீட்டுக்குப் போய் ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்தான். கப்பலுக்கு வாசல் தேடினார்கள். கேசட் பெட்டியின் மூடி திறந்திருந்தது. கேப்டன் என்பதால் முதல் பிடியைக் கொப்பையாவே போட்டான். அதற்குமேல் கொள்ளவில்லை.

“சின்னக் கப்பல்” என்றான் பூவலிங்கம்.

“தோலை உரிச்சா இன்னும் கொள்ளும்” என்றான் வேலப்பன்.

நால்வரும் உட்கார்ந்து உரித்தார்கள். பாதியில் திரையில் கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

“சுடணும்னாரே, என்னத்தைச் சுடுறது?” என்று பதறினான் கொப்பையா.

“வடைதான். வீடு தேடி வந்தவங்களுக்கு வேற என்ன சுடுவாங்க?” என்றான் சடையாண்டி.

“உளுந்து ஊறணுமேடா. பஜ்ஜி?” என்றான் பூவலிங்கம்.

“பஜ்ஜி போடுறது. வடைதான் சுடுறது” என்றான் வேலப்பன். அவன் எட்டாவது வரை படித்தவன். உளுந்தை ஊறப்போட்டார்கள்.

தட்டு நிறைய வடையோடு திரும்பியபோது கொள்ளைக்காரர்கள் போயிருந்தார்கள். “பசி பொறுக்கல போல” என்று கொப்பையா வருத்தப்பட்டான். வடையைத் தானே தின்றான்.

அப்புறம் நிலையம் வந்தது. மச்சான் சொன்னபடியே சுற்றிக்கொண்டிருந்தது. நால்வரும் கைகோத்துச் சுற்றினார்கள். தலை கிறுகிறுத்த கொப்பையா கம்ப்யூட்டர் மேலேயே விழுந்தான். கப்பல் நிலையத்தில் மோதித் தூள்தூளாகி, திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்தது.

வேலப்பன் எழுத்துக்கூட்டினான். “கேப்டன் கொப்பையா செத்துட்டாரு.”

சடையாண்டி தலைத்துண்டை அவிழ்த்தான்.

“நான் இங்கதான நிக்கிறேன்?” என்றான் கொப்பையா மெதுவாக.

“டி.வி.யிலயே போட்டுட்டான். அதுக்கு மேல நீ என்னடா சொல்றது?” என்றான் வேலப்பன்.

கொப்பையா வாசலில் வெயிலைப் பார்த்தான். “சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டணுமே.”

“நாங்க பாத்துக்கறோம். நீ நிம்மதியாப் போ” என்று சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். கொப்பையா தானே ஏறிப் படுத்துக்கொண்டான். ஆனால் மூவர் தூக்கியதும் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. சிநேகிதர்கள் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கொப்பையா இறங்கித் தோள் கொடுத்தான்.

சுடுகாட்டுப் பாதையில் சடையாண்டி சொன்னான்: “பாரமே தெரியலையே!”

“உசிரு போயிட்டா கனம் கொறஞ்சிடும்டா” என்று பின்மூலையிலிருந்து விளக்கினான் கொப்பையா, தோள் மாற்றிக்கொண்டே.