நீலப் புடவைக்கு ஒரு சிவப்புப் பொட்டு

"டீச்சர், என் படம் மட்டும் ஏன் விக்க மாட்டேங்குது?"

கேட்டவர் அந்துவான். வயது அறுபத்திரண்டு. தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்ந்த பிறகு பிரஷ் பிடித்தவர்.

டீச்சர் என்றால் தெய்வானை. அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள். உள்ளூர்க்காரர்களின் ஓவியங்களை மாட்டி விற்கும் சின்னக் கூடம் ஒன்றைப் புதுச்சேரியில் ஒரு குறுக்குச் சந்தில் நடத்துகிறாள். ஞாயிறுதோறும் அவருக்கு அங்கேயே பாடம். அதிகம் பேச மாட்டாள். அதுதான் அவருக்குப் பெரிய தொந்தரவு.

கொடியில் ஈரமாகத் தொங்கும் நீலப் புடவை. அதுதான் அவர் படம். மூன்றாவது கண்காட்சியாக அதே சுவரில் தொங்குகிறது.

"இந்தத் தடவையும் விக்கலைன்னா பிரஷ்ஷை மூட்டை கட்டிடுறேன்னு வீட்டுல ஃபிலோமினாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன் டீச்சர். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

தெய்வானை மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு சிவப்புப் பொட்டை உரித்து அவர் படத்துக்குக் கீழே ஒட்டினாள்.

அங்கே சிவப்புப் பொட்டு ஒட்டினால் படம் விற்றுப்போனது என்று அர்த்தம். அந்துவானுக்கு வாயெல்லாம் பல்.

"யாரு டீச்சர் வாங்கினது?"

"யாரும் வாங்கலை."

"அப்புறம் எதுக்குப் பொட்டு?"

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அதுவரை ஈ கூட உட்காராத படத்தின் முன்னால் இப்போது ஆட்கள் நின்றார்கள். பொட்டைப் பார்த்தார்கள், நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்கள், மறுபடி பொட்டைப் பார்த்தார்கள்.

ஜிப்பா போட்ட ஒருவர் உச்சுக் கொட்டினார். "அடடா, போயிடுச்சே! இங்க இருக்கிறதுல இது ஒண்ணுதாங்க உருப்படி. வாங்கினவர் குடுத்ததுக்கு மேல ரெண்டாயிரம் சேர்த்துத் தர்றேன்."

அந்துவான் துள்ளி எழுந்தார். "பொட்டை எடுங்க டீச்சர்!"

தெய்வானை எடுத்தாள். "இது இன்னும் விக்கலை சார். நீங்களே எடுத்துக்கலாம்."

"விக்கலையா?"

ஜிப்பாக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். படத்தை இன்னொரு தரம் சந்தேகமாகப் பார்த்தார்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேனே."

வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம்.

அந்துவானுக்கு அழுகையே வந்துவிட்டது. "பொட்டு இருந்தா நல்ல படம், இல்லைன்னா கெட்ட படமா? எனக்கு ஒண்ணுமே புரியலை டீச்சர்."

தெய்வானை விரல் நுனியில் இருந்த பொட்டைச் சுவிட்ச் பலகையில் ஒட்டிவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

அவர் சுவிட்ச் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சின்னப்பொண்ணு, டீச்சரின் துணி மூட்டையோடு வந்தாள். நீலப் புடவையைக் கண்டதும் நின்றாள். தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

"யாருய்யா வரைஞ்சது?"

"நான்தான்."

"பொடவை சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு. கீழ மண்ணு காஞ்சு கெடக்கே?"

மூட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்துவானுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெட்டி போடுகிறவளுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே கிட்டே போய்ப் பார்த்தார்.

மண் காய்ந்துதான் கிடந்தது. மூன்று கண்காட்சியாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கையில் ஒரு குறுகுறுப்பும்.

தெய்வானை இரண்டு டம்ளரோடு வந்தாள்.

"டீச்சர், இந்த மண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஏன் விக்கலைன்னுதானே சார் நீங்க கேட்டீங்க. படத்துல என்ன குறைன்னு கேக்கலையே."

அந்துவான் டீயைத் தொடவில்லை. செல்போனை எடுத்தார்.

"ஃபிலோமினா, நான் வரைஞ்சேனே, அந்த நீலப் பொடவையை நனைச்சுக் கொடியில போடு. ஆமா, இப்பவே. பிழிஞ்சுடாதே. நான் வந்துகிட்டே இருக்கேன்."