ஏடு இருந்த கை

"என் மக சரஸ்வதியைக் கும்பிட மாட்டேங்கா அக்கா."

ஆவுடைநாயகம் அண்ணாச்சி வந்ததும் வராததுமாகச் சொன்னார். அவ்வளவு கோபம்.

மரகதம் அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன செய்யுதா?"

"நான் பூஜை அறையைத் திறந்தா, அங்க இருக்க சிலையைச் சுவரைப் பாத்த மாதிரி பாத்துட்டுப் போறா. விளக்கு ஏத்தச் சொன்னா ஏத்த மாட்டேங்கா. ஊருக்கெல்லாம் அம்பாள் மகிமையை எடுத்துச் சொல்லுதவன் நான். என் வீட்டுல இப்படி. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்கு பஜாரில் ஜவுளிக்கடை. நவராத்திரி ஒன்பது நாளும் கோயிலில் மைக் பிடித்துப் பேசுவார். எந்த அம்மன் கையில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அக்கா தெருத்தெருவாகப் போய் அம்மி கொத்தியவள். இருபது வருஷம் கொத்தினாள். ஒரு நாள் போதும் என்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஜனங்கள் நல்லது கெட்டது கேட்கத் தேடி வர ஆரம்பித்தார்கள். அண்ணாச்சியைவிடப் பத்து வயசு இளையவள். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

நான் பேச்சி. அக்கா வீட்டில் சமைக்கிறவள். எனக்கு ஞானமெல்லாம் கிடையாது, வாய் மட்டும் உண்டு.

"அந்தச் சிலை கையில என்னென்ன இருக்கு அண்ணாச்சி?" என்றாள் அக்கா.

கேட்டதுதான் தாமதம். மனுஷனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"வடக்கே இருந்து லாரியில வந்த சலவைக்கல்லு அக்கா. ரெண்டரை அடி. நாலு கை. முன்கை ரெண்டுலயும் வீணை. பின்னால வலக்கையில ஜபமாலை, பொறுமைன்னு அர்த்தம். இடக்கையில ஏடு."

"ஏடு எதுக்கு?"

"அதுலதான் எல்லாம் அடக்கம். வீணையை வச்சிருக்கவங்க ஆயிரம் பேரு உண்டு. ஏடு இருந்தாத்தான் அவ சரஸ்வதி."

அக்கா கீரைக்காம்பை ஒதுக்கிவிட்டுக் கையைத் தட்டினாள்.

"நாளைக்கு வாறேன். பேச்சி, பரண்ல ஒரு மஞ்சப்பை கிடக்கும். நாளைக்கு அதைத் தூக்கிக்கோ."

பை என்ன கனம் கனத்தது. பிரித்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுத்தது. பார்க்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அண்ணாச்சி மகள் வடிவுதான் கதவைத் திறந்தாள். அம்மா இல்லாத பிள்ளை. இருபத்தொரு வயசிருக்கும். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்க என்றாள்.

பூஜை அறை பூட்டியிருந்தது. அண்ணாச்சி மடியிலிருந்து சாவி எடுத்துத் திறந்தார்.

சிலை அழகுதான், பொய் சொல்லக் கூடாது. வெள்ளை வெளேர் என்று இருந்தது. உதட்டில் சிரிப்பு. வடிவு வாசலோடு நின்றுகொண்டாள்.

அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. சிலையின் காலடியைப் பார்த்தாள்.

அங்கே ஒரு பட்டுத்துணி மூட்டை இருந்தது. மேலே வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. செவ்வந்திப் பூ சருகாகிக் கிடந்தது.

"பூஜை இன்னும் முடியலையா அண்ணாச்சி?"

"என்ன அக்கா, ஐப்பசி போயி கார்த்திகையே பாதி போச்சு. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சது."

"மறுநாள் ஏட்டை எடுத்து ஒரு வரியாவது படிக்கணும்லா. படிச்சாத்தானே பூஜை முடிஞ்ச கணக்கு?"

"கடைக் கத்திரிக்கோலும் அளவுகோலும் அன்னைக்கே எடுத்தாச்சு. வியாபாரம் நடக்கணும்லா."

"அப்போ இது?"

"அது வடிவு புத்தகம். இனிமே அதுக்கு வேலை இல்லை. தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. படிச்சது போதும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க. நல்ல இடம் அக்கா. சாமி காலடியில பத்திரமா இருக்கட்டும்னு வச்சுட்டேன்."

நான் வடிவிடம் திரும்பினேன்.

"என்னம்மா படிச்ச?"

"மாட்டு டாக்டருக்கு. நாலாவது வருஷம். வெள்ளிக்கிழமைக்குள்ள வராட்டா பேரை எடுத்துருவோம்னு காலேஜுல இருந்து கடிதாசி வந்திருக்கு."

"பின்ன புத்தகத்தை ஏன் உள்ள கொண்டுபோய் வச்ச?"

"பூஜைக்குன்னு கேட்டாரு. நானேதான் குளிச்சுட்டு வந்து, ஒண்ணு ஒண்ணா துடைச்சு, சந்தனம் தொட்டு வச்சு அடுக்கிக் கொடுத்தேன். மறுநாள் கேட்டா, பூட்டிட்டாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பிள்ளை சாமிக்கென்று நம்பிக் கொடுத்ததை அப்படியே அமுக்கிக்கொண்ட மனுஷன், அந்தச் சாமியை அவள் கும்பிடவில்லை என்று நியாயம் கேட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த செம்புத் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தேன்.

"இவ கிடக்கா, சின்னப்பிள்ளை. நீங்க சொல்லுங்க அக்கா. சாமியை இப்படி அலட்சியம் பண்ணலாமா?"

அக்கா சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வீணை இருக்கட்டும் அண்ணாச்சி. மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

அண்ணாச்சி சிரித்தார். "நல்லா இருக்கே. வீணையை யாரு வேண்டாம்பாங்க."

"மாலையும் இருக்கட்டும். பொறுமை நல்லதுதான்."

"ஆமா."

"பேச்சி, பையைக் கொடு."

கொடுத்தேன். உள்ளே கையை விட்டு ஒரு உளியும் சுத்தியலும் எடுத்தாள். அம்மி கொத்துகிற உளி. முனை அப்படியே இருந்தது.

இடக்கையால் தடவிப் பார்த்து, ஏடு பிடித்திருந்த அந்தக் கையின் மணிக்கட்டில் உளியை வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள்.



"அக்கா."

கத்திக்கொண்டே அண்ணாச்சி பாய்ந்து வந்து நடுவில் நின்றார். இரண்டு கையாலும் சிலையை மறைத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"என்ன செய்யுதீங்க?"

"இந்த வீட்டுக்கு வேண்டாத கையை எடுக்கேன். ஒரே தட்டு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். சிரிப்புகூட மாறாது. தள்ளுங்க."

"கை போனா சிலை பின்னம் அக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு கைதானே? நாலுல ஒண்ணு."

"ஒரு விரல் நுனி போனாலும் பின்னம் பின்னந்தான்." பேச்சாளர் இல்லையா, அந்த நேரத்திலும் விளக்கம் வந்துவிட்டது. "வீட்டுல வச்சிருக்கிறது முழுசா இருக்கணும். பின்னமானதை வச்சுக்கிட்டு விளக்கு ஏத்துனா குடும்பத்துக்கு ஆகாது. அது பெரிய பாவம்."

"பாவமா?"

"பாவம் அக்கா."

"உடைச்சவங்களுக்கா, வச்சிருக்கவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

அக்கா சுத்தியலை இறக்கினாள். திரும்பி வடிவைப் பார்த்தாள். விலைக்கு வாங்குகிறவர்கள் சிலையைப் பார்ப்பார்களே, அப்படி நெற்றியிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இதை எப்படி அண்ணாச்சி வீட்டுல வச்சிருக்கீங்க?"



அண்ணாச்சியும் மகளைப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்து எத்தனை நாள் ஆகிறதோ, யார் கண்டது. பார்த்தவர் கண்ணை எடுக்கவே இல்லை.



"மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் அக்கா?" குரல் இறங்கிவிட்டது.

"அவங்க வீட்டுலயும் ஒரு சரஸ்வதி படமாவது இருக்கும்லா? விலாசம் கொடுங்க. உளி எங்கிட்டத்தான் இருக்கு."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி சிலையை விட்டுக் கையை எடுத்தார். ஒதுங்கி நின்றார்.

"எடுத்துக்கோம்மா வடிவு."

அவள் அசையவில்லை.

"எங்கிட்ட வாங்கி வச்சது நீங்க. நீங்களே எடுத்துக் கொடுங்க."

அப்படிக் கேளு தாயே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணாச்சி சிலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மகளுக்காகத்தான் உட்கார்ந்தார், ஆனால் பார்க்கிறவர்களுக்கு சாமி கும்பிடுகிற மாதிரிதான் இருந்திருக்கும். காய்ந்த பூவைத் தள்ளினார். மூட்டையை மடியில் இழுத்து வைத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

பட்டு இறுகிக் கிடந்தது. அவரே போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்து இழுத்தார். கண்ணீர் வேறு மறைத்தது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். முடிச்சு நகரவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்ன?" என்று தலை தூக்காமல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றாள் வடிவு.

அக்கா குனிந்து அவரிடம் உளியை நீட்டினாள்.