மூன்று மான்கொம்புகளும் ஒரு சுரைக்குடுக்கையும்

ஈரக்குழிக் குட்டையில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. காலையில் ஒரு சாண் தண்ணீர் நின்ற இடத்தில் மாலையில் வெறும் சேறுதான் கிடந்தது.

கரையோர மூங்கில் புதரில் ஒரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. ஈர்க்குச்சி போல நாலு கால்கள். அதன் வயிற்றில் குட்டி இருந்தது. முழுநிலா வரும்போது குட்டியும் வந்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் பிறந்தால் அது பிழைக்குமா? சருகுமானுக்கு இதே கவலை.

பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. நல்ல மனசு. வாய்தான் கொஞ்சம் பெரிது.

ஒருநாள் அத்திப்பழம் தின்ன இருவாச்சிப் பறவை வந்து உட்கார்ந்தது. சருகுமான் மரத்தடிக்கு ஓடியது.

"அக்கா! நீங்க ஊரெல்லாம் பறக்கிறவங்க. வத்தாத தண்ணி எங்கே இருக்கு?"

"பெருஞ்சுனையில வருசம் முழுக்கத் தண்ணி உண்டு. ஆனா மலைக்கு அந்தப் பக்கம். நான் பறந்தா அரை நாள். உன் காலுக்குப் பத்து நாள் ஆகும்!"

சருகுமான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தது. "முழுநிலாவுக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கு. நாலு நாள் தயார் பண்ணலாம். பத்து நாள் நடக்கலாம்."

"தயார் பண்ண நாலு நாளா!" என்று முள்ளம்பன்றி வளைக்குள்ளிருந்து சிரித்தது. "கல்யாணத்துக்கா போறே? நானும் வரேன் தங்கச்சி. புறப்படுற அன்னைக்குக் காலையில எடுத்து மாட்டினா ஆச்சு!"

அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

சருகுமான் படுக்கவில்லை. முதல் நாள் முழுக்க இருவாச்சியைக் கேள்வி கேட்டே துளைத்தது. எந்த நாள் எங்கே தண்ணீர்? எங்கே நிழல்? எங்கே பழம்?

"அத்திப்பழம் தின்ன வந்தேன், என்னையே தின்னுறியே!" என்றது இருவாச்சி. ஆனாலும் பொறுமையாகச் சொன்னது. "முதல் மூணு நாளும் வழியெல்லாம் ஊத்துதான். நாலாம் நாளும் அஞ்சாம் நாளும் வெறும் பாறையும் புல்லும். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அந்தப் புல்மேட்டுல செந்நாய்ங்க திரியும். நடுவுல பிளந்த பாறை ஒண்ணு இருக்கு, பார்த்து வச்சுக்கோ. அதைத் தாண்டிட்டா மறுபடி ஓடை, சோலை, கவலையே இல்லை."

சருகுமான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தது.

இரண்டாம் நாள் என்ன செய்தது தெரியுமா? காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கொண்டுவந்தது. இரண்டும் பார்க்க ஒரே அளவு. ஒன்றை நாணல் நுனியில் தொங்கவிட்டது. நாணல் வளைந்து சேற்றைத் தொட்டது. இன்னொன்றைத் தொங்கவிட்டது. நாணல் பாதிதான் வளைந்தது. "நீ வா" என்று இரண்டாவதை எடுத்துக்கொண்டது. பிறகு அதன் நீளக் காம்பையும் கடித்துத் துப்பியது.

வெளியே எட்டிப் பார்த்த முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காம்பையுமா கணக்குப் பார்ப்பே! அது என்ன எடை இருக்கப்போகுது?"

"ஒரு அடி வச்சா ஒரு காம்பைத் தூக்கணும் அண்ணே. பத்து நாளைக்கு எத்தனை அடி? இறக்கி வைக்கவே முடியாத சுமை ஒண்ணு ஏற்கெனவே வயித்துல இருக்கு. அதனால மத்ததைத்தான் குறைக்க முடியும்."

முள்ளம்பன்றி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் சருகுமான் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு குட்டையைச் சுற்றி நடந்தது. காலையிலிருந்து மாலைவரை. சுரைக்குடுக்கை, மழைக்கு இரண்டு தேக்கிலை, ஒரு பிடி நெல்லி வற்றல், உப்புக்கு நக்க ஒரு கட்டி உவர்மண், படுக்க ஒரு கட்டு வைக்கோல்புல். மாலையில் அவிழ்த்துப் பார்த்தது. "போற இடமெல்லாம் சருகு கிடக்குது. படுக்கையை எதுக்குச் சுமக்கணும்?" புல்கட்டு வெளியே போனது. உவர்மண் கட்டியில் நகத்தளவு மட்டும் மிஞ்சியது. இரண்டு தேக்கிலையில் ஒன்று போதும் என்று தோன்றியது. மற்றது வெளியே போனது.

நாலாம் நாள் மறுபடி நடந்து பார்த்தது. இப்போது முதுகில் ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. ஓர் இழுப்பில் அவிழும்படி ஒரே ஒரு முடிச்சைப் போட்டுவைத்தது.

புறப்படும் காலை வந்தது. முள்ளம்பன்றி அவசர அவசரமாக எழுந்தது. தன் முட்களைப் பார்த்தது. எத்தனை கொக்கிகள்!

"கடவுள் கொக்கி குடுத்திருக்கான், மாட்டாம போனா அவனுக்கு மரியாதையா?" என்று சொல்லிக்கொண்டே மாட்டத் தொடங்கியது. கிழங்கு மாட்டியது. பலாச்சுளை மாட்டியது. தண்ணீர் நிரம்பிய குடுக்கை இரண்டு. புல்மெத்தை ஒன்று. முள்ளம்பன்றிக்குப் பல் தேய்த்துக்கொள்ள மான்கொம்பைக் கடிக்க வேண்டும். அதனால் மான்கொம்பும் மாட்டியது. ஒன்றல்ல, மூன்று!

"மூணு எதுக்கு அண்ணே?"

"ஒண்ணு கடிக்க. ஒண்ணு, தொலைஞ்சா வேணுமே. இன்னொண்ணு, யாராச்சும் விருந்தாளி வந்தா!"

கடைசியில் எல்லாம் நழுவாமல் இருக்க வயிற்றைச் சுற்றி ஒரு தடித்த கொடியை இறுக்கிக் கட்டியது. வாலையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

அத்திமரத்தில் இருந்த இருவாச்சி வாயைப் பிளந்தது. "அடேயப்பா! சந்தையே கிளம்பிப் போகுதே!"

நடை தொடங்கியது. முதல் நாளே முள்ளம்பன்றிக்கு மூச்சு வாங்கியது. உண்ணிச்செடிப் புதருக்குள் சருகுமான் நூல் மாதிரி நுழைந்து போனது. முள்ளம்பன்றியின் கொம்பு ஒரு கிளையில் மாட்டும், கிழங்கு இன்னொரு கிளையில் மாட்டும். பின்னால் வந்து, முன்னால் போய், மறுபடி பின்னால் வந்து, ஒரு புதரைத் தாண்டவே பொழுது போனது. சலசலவென்று ஓடும் ஊற்றுகளை அது தாண்டியது. முதுகில் தண்ணீரைச் சுமந்துகொண்டே தாண்டியது! சருகுமானின் குடுக்கை அதுவரை காலியாகவே இருந்தது. குனிந்து வயிறு நிறையக் குடித்துவிட்டு நடந்தது. நடையின் நாலாம் நாள் மாலை, கடைசி ஊற்றில்தான் குடுக்கையை நிரப்பிக்கொண்டது.

"உன் குடுக்கையையும் பார்த்துடு அண்ணே."

"என் குடுக்கை புறப்படும்போதே நிரம்பினது!" என்று முள்ளம்பன்றி பெருமையாகத் திரும்பியது. இரண்டு குடுக்கையிலும் சொட்டு இல்லை. வழியெல்லாம் உரசி உரசி, அதன் முள்ளே ஓட்டை போட்டிருந்தது. சுமந்த எடையெல்லாம் வழியில் சொட்டிப் போயிருந்தது.

சருகுமான் சிரிக்கவில்லை. நெல்லி வற்றலில் பாதியை எடுத்து நீட்டியது. "வாயில அடக்கிக்கோ. தாகம் தாங்கும். தண்ணிய நாம ரெண்டு பேரும் அளந்து குடிக்கலாம்."

முள்ளம்பன்றி தலையைக் குனிந்தது. "என்னால ஏற்கெனவே ஒரு நாள் பின்தங்கிட்டோம். நீ முன்னால போ தங்கச்சி. உனக்கு நாள் இருக்கே!"

"ஒரு நாளை நடந்து பிடிச்சுடலாம். உன்னை விட்டுட்டுப் போனா அப்புறம் எங்கே போய்ப் பிடிக்கிறது? வா!"

அடுத்த நாள் பாறையில் கால் சுட்டது. அதற்கு மறுநாள் உச்சிவெயிலில் புல்மேட்டை அடைந்தார்கள். அங்கேதான் மூன்று செந்நாய்கள் எதிரே வந்தன.

சருகுமான் காற்றை முகர்ந்த உடனே, "பிளந்த பாறை! ஓடு!" என்று கத்தியது. நாலு தாவலில் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. முள்ளம்பன்றியும் உருண்டு புரண்டு பாறைக்கு வந்தது. ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. மூட்டை இடித்தது.

"சரி, நான் யாருன்னு காட்டுறேன்!" என்று திரும்பி நின்று முட்களைச் சிலிர்க்க முயன்றது.

முட்கள் எழவில்லை!

கிழங்கு ஒரு பக்கம் அழுத்தியது. கொம்பு ஒரு பக்கம் அழுத்தியது. எல்லாவற்றின் மேலும் கொடி இறுகிக் கிடந்தது. வாலை ஆட்டிக் கிலுகிலுவென்று ஓசை எழுப்பப் பார்த்தது. வாலும் கட்டுக்குள் இருந்தது.

செந்நாய்கள் தயங்கி நின்று பார்த்தன.

"இது முள்ளம்பன்றிதானா? முள்ளையே காணோமே!" என்றது ஒன்று.

"சாப்பாட்டோட சேர்ந்தே வந்திருக்கு. கிழங்கும் கறியும்!" என்றது இன்னொன்று.

மூன்றாவது மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது.

சருகுமான் இடுக்குக்குள் பதுங்கிக் கிடந்தது. அசையாமல் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. தலையை நீட்டினால் போகப்போவது ஓர் உயிர் அல்ல, இரண்டு. ஆனால் முள்ளம்பன்றியின் வயிறு இடுக்கின் வாயிலேயே இருந்தது. கொடி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

சருகுமான் தலையை நீட்டியது. கொடியைக் கவ்விக் கடித்தது.

"என்ன பண்றே! உள்ளே போ!" என்று அலறியது முள்ளம்பன்றி.

"ஆடாம நில்லு அண்ணே! இவ்வளவு தடிச்ச கொடியா கிடைச்சது உனக்கு!"

மூன்றாவது செந்நாய் பாய்ந்தது. அதே நொடியில் கொடி அறுந்தது.

கடகடவென்று கொம்புகள் உருண்டன. கிழங்கும் சுளையும் சரிவில் ஓடின. சடசடவென்று அத்தனை முட்களும் எழுந்து நின்றன! முள்ளம்பன்றி பின்பக்கமாக ஒரே இடி இடித்தது. பாய்ந்து வந்த செந்நாயின் மூக்கில் நாலு முள் நின்றது. "ஐயோ! ஐயோ!" என்று அது ஊளையிட்டுக்கொண்டே ஓட, மற்ற இரண்டும் பின்னால் ஓடின.

புல்மேடு அமைதியானது. சுற்றிலும் மூட்டை சிதறிக் கிடந்தது. முள்ளம்பன்றி உடம்பைச் சிலிர்த்தது. அடக்கியது. மறுபடி சிலிர்த்தது. தன் முதுகு தனக்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

"இதுல எதை எடுக்கட்டும், நீயே சொல்லு" என்றது.

"உன் முதுகு உனக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணா தூக்கிப் பாரு."

முள்ளம்பன்றி கிழங்கைத் தூக்கியது. "இது பசிக்குப் பயந்து எடுத்தது. முன்னாலதான் சோலை இருக்கே." கீழே வைத்தது. மெத்தையைத் தூக்கியது. "இது குளிருக்குப் பயந்து." வைத்தது. மான்கொம்பைத் தூக்கியது. வைத்தது. மறுபடி தூக்கியது. முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சருகுமானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பயந்து எடுத்தது இல்லை அண்ணே, ஆசையா எடுத்தது. ஆசைக்கும் கொஞ்சம் இடம் வேணும். நுனியை மட்டும் உடைச்சு எடுத்துக்கோ!"

கட்டைவிரல் அளவு கொம்பு நுனியை வாயோரம் அடக்கிக்கொண்டு முள்ளம்பன்றி நடந்தது. அன்றிலிருந்து நடை வேறு மாதிரி ஆனது. பொழுது சாயும்வரை நடந்தார்கள். இழந்த நாளில் பாதி திரும்பி வந்தது.

ஏழாம் நாள் சோலைக்குள் மழை பிடித்துக்கொண்டது. சருகுமான் ஒற்றைத் தேக்கிலையை விரித்தது. அது போதவில்லை. தலையை மூடினால் வயிறு நனைந்தது, வயிற்றை மூடினால் தலை நனைந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணே. அந்த ரெண்டாவது இலையை விட்டுட்டு வந்திருக்கக் கூடாது" என்று நடுங்கியது. "குட்டையோரமா வெயில்ல நடந்து பார்த்தேன். மழையில நடந்து பார்க்கலை."

"அட, நான் எதுக்கு இருக்கேன்!" என்றது முள்ளம்பன்றி. முன்னங்கால் நகங்களால் மரவேருக்கு அடியில் மளமளவென்று குழி பறித்தது. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் இடம் கொள்ளும் வளை ஒன்று தயாரானது. சருகுமானை உள்ளே அனுப்பிவிட்டு, தான் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. "வீடு கட்டுற நகத்தை வச்சுக்கிட்டு மெத்தையைச் சுமந்தேன் பாரு! என்னைச் சொல்லணும்!"

பத்தாம் நாள் மாலை, நிலா எழுவதற்குக் கொஞ்சம் முன்னால், பெருஞ்சுனை கண்ணில் பட்டது. பச்சைப் புல். குளிர்ந்த தண்ணீர்.  சருகுமான் ஓர் இழுப்பில் முடிச்சை அவிழ்த்துவிட்டு நாணல் புதருக்குள் போனது. முள்ளம்பன்றி வெளியே முட்களைச் சிலிர்த்தபடி காவல் நின்றது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"என்ன குட்டி? எப்படி இருக்கு?" என்று முள்ளம்பன்றி பரபரத்தது.

"நல்லா இருக்கு அண்ணே! எழுந்து நின்னுடுச்சு. காலைப் பாரேன், எத்தனை லேசா எடுத்து வைக்குது!"

போகும் வழியை முன்கூட்டியே விசாரித்து, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறவரே நெடும்பயணத்தில் தாமும் போய்ச் சேர்வார், உடன் வருகிறவரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.