பூவரசு நட்ட இடத்தில் புங்கம்

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்த வழக்கில் கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது. தொல்லையே அதுதான்.

முசிறியில் மைக்செட் தங்கராசு என்று ஒருவர். வீட்டில் பேசினாலும் அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். "செண்பகவல்லி... எங்கிருந்தாலும்... சாப்பிட வரவும்" என்று இழுத்துத்தான் மகளைக் கூப்பிடுவார். அந்த வல்லி ப்ளஸ் ஒன் படிக்கிறவள். பள்ளிச் சாரணியர் படையில் மூன்று வருடம் கயிற்றில் முடிச்சுப் போட்டு, கூடாரம் அடித்து, ஆளுநர் கையெழுத்துப் போட்ட மாநில விருதை வாங்கிவிட்டாள். கூடவே இன்னும் ஐந்து பெண்கள். பதினோரு வருடமாக அந்தப் பள்ளிப் பக்கம் எட்டிப் பார்க்காத விருது அது.

விழா எடுத்தே தீருவது என்று தங்கராசு கிளம்பினார். அவருக்குத் தெரிந்த விழா இரண்டு, கல்யாணமும் சடங்கும். இரண்டையும் கலந்தார். மண்டபம், மேளம், மட்டன் பிரியாணி. முச்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் சீருடையோடு வல்லி, அவள் தோளுக்குப் பின்னால் பாயும் புலி. தாய்மாமன் கண்ணுச்சாமிக்கு இருபத்தொரு தட்டுச் சீர் என்று உத்தரவு போயிற்று.

"அப்பா, இது என்ன சடங்கா?"

"மாமன் தட்டு தூக்காம ஒரு விழாவா பாப்பா? ஏன், உங்க கவர்னருக்கு மாமனே கிடையாதா?"

படையை நடத்தும் ஆரோக்கியமேரி டீச்சர் நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். வல்லி மேடையில் மூன்று விரலை உயர்த்தி, தன் மரியாதையின் மேல் ஆணையிட்டு, சாரணியர் உறுதிமொழியைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை வல்லி வாய்க்கால் கரைக்குப் போனாள். விருதுக்கு ஒரு கன்று நட்டு வளர்த்து, மாதாமாதம் உயரம் அளந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியபோது, "நீ படி, செடியை நான் பாத்துக்கறேன்" என்று அப்பா அந்த வேலையை வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் அவர் சொன்ன அளவை இவள் எழுதினாள். விழாவுக்கு ஒரு படம் எடுக்கலாம் என்றுதான் இப்போது போனது.

அவள் நட்டது பூவரசு. அங்கே நின்றது புங்கம்.

"ஆடு கடிச்சிருச்சு பாப்பா" என்றார் தங்கராசு. முதல்முறையாகக் குரலில் மைக் இல்லை. "பரீட்சை நேரம், சொன்னா அழுவ. நர்சரியில அதே உசரத்துல ஒண்ணு கேட்டேன், குடுத்தான். இலையெல்லாம் எனக்கு எங்க தெரியும்? தண்ணி ஊத்துனது நிஜம்தானே?" பிறகு அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "யாருக்கும் கேக்கற மாதிரி சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அப்பா தலையாயிற்றே.

மறுநாள் டீச்சரிடம் போய், "டீச்சர், என் செடி..." என்று ஆரம்பித்தவள், சத்தியம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள். டீச்சர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியும். சரிபாக்க வந்தன்னிக்கு இலையைப் பாத்ததுமே தெரிஞ்சுது. உங்கப்பா வெயில்ல குடத்தோட நின்னாரு. கையெழுத்து போட்டுட்டேன். இப்ப நீ வாயத் திறந்தா என் கையெழுத்து பொய்யாயிடும். அந்த அஞ்சு பிள்ளைங்க குறிப்பேட்டுலயும் அதே கையெழுத்துதான் இருக்கு. அவளுங்க செடி அஞ்சும் அசல். யாரு நம்புவா, சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. ஐந்து பெண்களும் சீருடையில் பின்னால் நின்றார்கள். வல்லி மூன்று விரலை உயர்த்தி, "என் மரியாதையின் மேல்" என்றாள். அதற்குமேல் வரவில்லை. ஓரத்தில் ஆம்ப்ளிஃபையரைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கராசு மகள் முகத்தைப் பார்த்தார். குமிழைத் திருகினார். ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய இரைச்சல் நின்றது. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவள் வல்லி.

டீச்சர் மேளக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். மேளம் வெடித்தது.

அப்போதுதான் வல்லி பேசினாள். ஆடு, புங்கம், எட்டு மாதம், கையெழுத்து என்று ஒன்று விடாமல் மைக்கைப் பார்த்துச் சொன்னாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. முடித்ததும் கூட்டம் கைதட்டியது.

"ஒரு வார்த்தை கேக்கல, ஆனா பிரமாதம்" என்றார் கண்ணுச்சாமி மாமா, தட்டைத் தூக்கிக்கொண்டு.

இப்போது சொல்லுங்கள். மகளின் வாயைப் பொய்யிலிருந்து காப்பாற்றக் குமிழைத் திருகிய அப்பா, ஐந்து பெண்களுக்காக மேளத்தை அடிக்கச் சொன்ன டீச்சர், உண்மையைச் சொல்லிவிட்ட வல்லி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வல்லி என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வரும். அப்பாவுக்குக் கொடுத்த சத்தியமும் உடையவில்லை, உண்மையும் சொல்லியாயிற்று என்பீர்கள். ஆனால் மைக் செத்துவிட்டது அவளுக்குத் தெரியும். அது சாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தவள், செத்தபிறகே திறந்தாள். யார் காதிலும் விழாத இடம் பார்த்துச் சொன்ன உண்மைக்கும் சொல்லாததற்கும் என்ன வித்தியாசம்? மற்ற இருவராவது பிறருக்காகத் தவறினார்கள், தவறு தவறுதான். ஆகவே மூவருமே இல்லை. நாலாவது ஆள் யாராவது கிடைப்பாரா என்று தேட வேண்டாம், நான் தேடிவிட்டேன். மறுநாள் காலை, படையில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை டீச்சர் வல்லியிடம் கொடுத்தார். விருது வாங்கியவள்தானே சொல்லித்தர வேண்டும்? அவள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.