மாடு ஏறாத மாடி

முன்னொரு காலத்தில் தும்பையூர் நாட்டை மகுடேசன் என்றோர் அரசர் ஆண்டார். ஆண்டார் என்பதைவிட, காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதே சரி. அவர் போட்ட சட்டங்களில் உருப்படியானது ஒன்றுதான். வீட்டில் புதிதாக எதைக் கட்டினாலும், அரண்மனை ஸ்தபதி வந்து பார்த்துக் கதவு நிலையில் முத்திரை குத்த வேண்டும்.

அரசவையில் இருந்த ஆபத்சகாயத்துக்கு அதெல்லாம் வேண்டாத தொல்லை. உளுத்த பனஞ்சட்டங்களைப் போட்டுத் தம் வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பினார். ஸ்தபதியைக் கூப்பிடவே இல்லை. வெள்ளையடித்து, வீட்டை அரண்மனையில் பூக்கட்டும் செண்பகவல்லிக்கு விற்கப் பேசிவிட்டார். அவளுக்கு வாயெல்லாம் பல். பிள்ளைகளை மாடியில் காற்றாடப் படுக்க வைக்கலாமே.

மந்திரி வில்லவராயர், மாடிக் கதவில் முத்திரை இல்லையே என்று சபையில் கேட்டார். வெள்ளையடித்ததில் மறைந்துவிட்டது, மாடி யானையையே தாங்கும், மந்திரிக்கு வயிற்றெரிச்சல் என்றார் ஆபத்சகாயம். அரசரும் தலையாட்டிவிட்டார்.

"யானை எதற்கு மன்னா? கிரகப்பிரவேசத்துக்கு வருகிற மாடு போதும்," என்றார் மந்திரி. "அதை மேலேயும் ஏற்ற வேண்டும். மாடு ஏறினால்தானே மாடி? அப்போது விற்பவர் நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழ்த்துவார்."

அரசருக்கு ஒரே குஷி. அப்போதே அதைச் சட்டமாக்கினார்.

கொட்டுமேளத்தோடு அரண்மனையின் கொழுத்த பசு வந்தது. பின்னாலேயே அரசரும் வந்தார். ஆபத்சகாயத்தைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். பசு முதல் படியில் ஒரு காலை வைத்ததுதான் தாமதம், மனிதர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"மாட்டை இறக்குங்கள்! சட்டமெல்லாம் உளுத்தது. முத்திரையும் வாங்கவில்லை."

"மாடு நிற்கக் கூடாது, என் பிள்ளைகள் மட்டும் படுக்கலாமா ஐயா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

அரசருக்கு வந்த கோபம் அன்று மாலையிலும் மாறவில்லை. ஆபத்சகாயம் மாடியைப் பிரித்து, தம் செலவில் தேக்கில் கட்டி, முத்திரையோடு கொடுக்க வேண்டும். இனி எதைக் கொடுத்தாலும் அதன் குறையை முதலில் சொல்ல வேண்டும். இதுதான் தீர்ப்பு. மந்திரிக்கு அந்தப் பசுவே பரிசு.

கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் ஆபத்சகாயத்தின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவர் மகனைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தார்.

"பையன் தங்கம். தொப்பை மட்டும் பிற்பாடு எழுப்பியது. முத்திரை கிடையாது."

பெண்ணின் தகப்பனார் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு சொல்கிறவர் எதையும் மறைக்கமாட்டார் என்று அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்.