காலில்லாதவர்கள் வென்ற கால்பந்துக் கோப்பை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றாலும் இன்றைக்குச் சாப்பிடும் சோற்றில் எனக்கு உப்பு இல்லாமல் போகட்டும். அல்லிக்குளத்துக் கல்லூரியின் கால்பந்து அணி, ஐப்பசிப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை வாங்கியது. அந்த அணியில் ஒருவருக்கும் கால் கிடையாது.

ஆடியவர்கள் எல்லாம் தலைப்பிரட்டைகள். உருண்டைத் தலை, பின்னால் ஒரு வால், உடம்பு அவ்வளவுதான். பந்து ஒரு புன்னைக்காய். இரண்டு தாமரைத் தண்டுகளுக்கு நடுவே அதைத் தள்ளிவிட்டால் கோல். வாலைச் சுழற்றி ஓர் அடி அடித்தால் புன்னைக்காய் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்.

கால் இருந்த ஒரே ஆள் பி.டி. மாஸ்டர் கொடுக்குமுத்து. அவர் நண்டு. காலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பந்தைத் தொட்டதில்லை. கரையோரக் கல்லில் உட்கார்ந்து கொடுக்கை ஆட்டிக் கத்துவதுதான் அவர் வேலை. அல்லிக்குளத்துக்கு அவர் வந்து சேர்ந்த முதல் பருவம் அது. அதற்கு முன்னால் வயல்வெளியில் நத்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டத்தில் எதிரி, மதகுக்கு அந்தப் பக்கம் இருந்த வாய்க்கால் கல்லூரி. கெண்டை மீன்கள் அணி. அவர்களைத் தோற்கடித்த அன்று கோப்பையைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார்கள். கோப்பை என்றால் ஒரு கொட்டாங்கச்சி. நன்றாகச் சுரண்டி வழவழவென்று இருக்கும். கொடுக்குமுத்து அதற்குள் ஒரு காலை விட்டுப் பார்த்தார். பிறகு எல்லாக் கால்களையும் விட்டார். உள்ளே பாசியைப் பரப்பிக் குடியே போய்விட்டார். பழைய வளையை ஒரு தேளுக்கு விட்டுக்கொடுத்தார்.

வெற்றி விழாவில் கல்லூரி முதல்வர், ஆமை ஓடையப்பர், பேச எழுந்தார். எழுந்து முடிக்கவே வெயில் ஏறிவிட்டது.

“மாஸ்டர், ரொம்பச் சந்தோஷம். தைப் பருவத்துக்கு என்ன ஏற்பாடு?”

“ஏற்பாடு எதுக்குங்க ஐயா? இதே பசங்க. இதே வால். தையிலும் கோப்பை நமக்குத்தான்.”

“இல்லே, இந்தப் பசங்க...” என்று முதல்வர் இழுத்தார்.

கொடுக்குமுத்துவுக்கு இழுப்பது பிடிக்காது. குளமே பார்க்கக் கோப்பையின் விளிம்பில் ஏறி நின்றார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. தைக்கோப்பை நமக்கு வரலேன்னா, இந்தக் கொடுக்குமுத்து இந்தக் கரையிலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நேரா நடந்து காட்டுறேன்!”

கூட்டத்தில் இருந்த நண்டுகள் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டன. அவர்கள் குலத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சபையில் சொன்னதில்லை.

முதல்வர் தான் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க வாயைத் திறந்தபோது விழா முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள்.

கார்த்திகை பிறந்தது. ஒருநாள் காலைப் பயிற்சிக்கு அணித்தலைவன் குண்டுமணி தயங்கித் தயங்கி வந்தான். அந்தப் பருவத்தில் அதிக கோல் போட்டவன் அவன்தான்.

“சார், எனக்குப் பின்னாலே என்னமோ முளைச்சிருக்கு.”

கொடுக்குமுத்து இறங்கி வந்து பார்த்தார். வாலுக்கு இரண்டு பக்கமும் குச்சி மாதிரி ஏதோ தொங்கியது.

“என்னடா இது?”

“கால்னு நினைக்கிறேன் சார்.”

“காலா? உன்னை யாருடா கால் வளர்க்கச் சொன்னது?”

“தானா வருது சார். கோல்கீப்பருக்கு முன்னாலேயும் ரெண்டு வந்திருக்கு.”

மற்றவர்களும் திரும்பிக் காட்டினார்கள். ஒவ்வொருவனிடமும் குச்சி. அதைவிட மோசம், ஒவ்வொருவன் வாலும் முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் குட்டை. வயல்வெளி நத்தை கடைசி வரைக்கும் நத்தையாகவே இருக்கும். இப்படித் துரோகம் பண்ணாது.

அன்றிலிருந்து காலையில் பந்து கிடையாது, வால் வைத்தியம். சேற்றைக் குழைத்து வாலில் பூசினார். தாமரைத் தண்டில் வாலைக் கட்டி இழுத்தார். “வாலை நினைச்சுக்கோ. வாலை மட்டும் நினைச்சுக்கோ” என்று ஒவ்வொருவன் காதிலும் ஓதினார். வால் கேட்கவில்லை.

அப்போதுதான் ஆடுகளத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மேகம் வந்து நின்றது. கார்த்திகை மழையில் பொரித்த புதுத் தலைப்பிரட்டைகள். மிளகை அள்ளிக் கொட்டினாற்போல் இருந்தார்கள்.

“சார், நாங்களும் ஆடலாமா?”

“புன்னைக்காய் உங்களைவிடப் பெரிசு. போங்கடா.”

“ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறோம் சார்.”

“தொட்டா நசுங்கிடுவீங்க. பெரியவங்க ஆடுற இடத்திலே என்ன கும்பல்?” என்று கொடுக்கை வீசினார். மேகம் கலைந்தது. அவர் திரும்பியதும் மறுபடி கூடியது. அவர்களை விரட்டுவதிலேயே பாதிக் காலைப்பொழுது போனது.

மதகு வழியாக ஒருநாள் விரால் வடிவக்கா வந்தாள். வாய்க்கால் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான். நட்புக்கு ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்க வந்தவள், ஓரத்து மேகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“மாஸ்டர், இவங்க யாரு?”

“யாருமில்லே. இடைஞ்சல். ஏன் வடிவக்கா, பசியா?”

“ஐப்பசியிலே உங்ககிட்ட தோத்ததிலிருந்து சைவம் மாஸ்டர். பாசிதான். பசங்களை நான் கூட்டிட்டுப் போகட்டுமா? எங்க பக்கம் இடம் காலியாக் கிடக்கு.”

“நல்லா கூட்டிட்டுப் போ. எனக்கு நிம்மதி.”

“பின்னாலே கேக்கக் கூடாது.”

“நான் எதுக்குக் கேக்கப் போறேன்? என் அணி தயாரா இருக்கு.”

விரால் முன்னால் போனாள். மிளகு மேகம் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போனது. கொடுக்குமுத்து அப்பாடா என்று கோப்பைக்குள் சாய்ந்துகொண்டார்.

மார்கழி முடியப் போகும் நேரத்தில் குண்டுமணி தனியாக வந்து கல்லடியில் நின்றான். வால் கட்டைவிரல் மாதிரி சுருங்கியிருந்தது.

“சார், தண்ணிக்குள்ளே மூச்சு முட்டுது. அடிக்கடி மேலே போய்க் காத்து குடிக்க வேண்டியிருக்கு. நான் கரையேறும் தேர்வு எழுதிடறேன். எங்க வகுப்பே காத்திருக்கு.”

கரையேறும் தேர்வுதான் அந்தக் கல்லூரியின் கடைசித் தேர்வு. தண்ணீரிலிருந்து குதித்துக் கரைப் புல்லில் உட்கார வேண்டும். தேறினால் பட்டம். பட்டம் வாங்கியவன் கல்லூரி அணியில் ஆட முடியாது.

கொடுக்குமுத்து யோசித்தார். தேர்வு நடத்தி மதிப்பெண் போடுபவர் அவரேதான்.

மறுநாள் தேர்வு. குண்டுமணி குதித்தான். அழகாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தான்.

“அரியர்” என்றார் கொடுக்குமுத்து.

“சார், புல்லு மேலேதான் உட்கார்ந்திருக்கேன்.”

“உட்கார்ந்ததை யாரு கேட்டா? குதிச்ச விதம் சரியில்லே. குதிக்கும்போது சிரிச்சே.”

அடுத்தவனுக்குக் கண்ணை மூடியதற்காக அரியர். அதற்கடுத்தவனுக்குக் கண்ணைத் திறந்திருந்ததற்காக அரியர். மொத்த அணிக்கும் அரியர் போட்டுத் தண்ணீருக்குள் அனுப்பினார். விஷயம் முதல்வர் காதுக்குப் போனது.

“மாஸ்டர், இது நியாயமா?”

“கல்லூரியோட எதிர்காலம் ஐயா. தை முடியட்டும், தேற வச்சிடறேன்.”

“அவங்க எதிர்காலம்?” என்று கேட்க முதல்வர் மூச்சை இழுத்தார். அதற்குள் கொடுக்குமுத்து பக்கவாட்டில் வெகுதூரம் போய்விட்டார்.

தைப்போட்டி நாளும் வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கொடுக்குமுத்து தன் வீரர்களை வரிசையாக நிறுத்தினார். வேலம்பாசிக் கயிற்றால் ஒவ்வொருவனின் பின்னங்கால்களையும் சேர்த்துக் கட்டி, நுனியைக் குஞ்சம் மாதிரி தொங்கவிட்டார்.

“இதுதான் இனிமே உங்க வால்.”

“சார், இதை ஆட்ட முடியலை.”

“ஆட்டுறதா நினைச்சுக்கோ.”

அந்தப் பக்கம் பார்த்தவருக்குக் கண் இரண்டும் காம்பின் முனைக்கு வந்து நின்றன. வாய்க்கால் கல்லூரி அணியில் ஒரு கெண்டைகூட இல்லை. எல்லாம் தலைப்பிரட்டைகள். நீள நீளமான, புத்தம் புது வால்கள்.

“வடிவக்கா, இவங்க எங்கே கிடைச்சாங்க?”

“நீங்க கொடுத்தவங்கதான் மாஸ்டர். அதே இடைஞ்சல்.”

நடுவர் நாரை ஒற்றைக்காலைத் தூக்கினார். ஆட்டம் தொடங்கியது. எடுத்த எடுப்பில் இடைஞ்சல் ஒரு கோல் போட்டது. புன்னைக்காயைத் தனியாக ஒருவனால் தள்ள முடியாத வயதில் அவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து தள்ளிப் பழகியிருந்தார்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பந்து யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அது தாமரைத் தண்டுகளுக்கு நடுவே போய்விடும்.

அல்லிக்குளத்து வீரர்கள் பூசணிக்காய் மாதிரி மிதந்தார்கள். குண்டுமணி பந்துக்குப் போகப் பார்த்தான், முடியவில்லை. காற்று குடிக்க மேலே போகப் பார்த்தான், கட்டிய காலோடு அதுவும் முடியவில்லை. மெல்ல மெல்ல அடிச்சேற்றை நோக்கி இறங்க ஆரம்பித்தான். வாயிலிருந்து வந்த குமிழி சின்னதாகி, பிறகு நின்றது.

“எழுந்திருடா!” என்று கத்தினார் கொடுக்குமுத்து. “வாலை நினைச்சுக்கோ!”

குண்டுமணி வாலை நினைக்கவில்லை. அவனுக்கு அம்மா ஞாபகம் வந்ததா, ஆத்திரம் வந்ததா தெரியாது. இரண்டு கால்களையும் மடக்கி ஓர் உதை விட்டான். வேலம்பாசி படீரென்று அறுந்தது. அந்த உதையில் அவன் தண்ணீரைப் பிளந்து, அல்லி இலையைத் தாண்டி, நாரையின் தலைக்கு மேலாகப் பறந்து, கரைப் புல்லில் போய் விழுந்தான். வாயைத் திறந்து காற்றை அப்படியே அள்ளிக் குடித்தான். குளம் மொத்தமும் அவனைப் பார்த்தது.

“மன்னிச்சுக்குங்க சார்,” என்றான் மூச்சு வாங்கியபடி. “தேறிட்டேன்.”

அவனைப் பார்த்து மற்றவர்களும் உதைத்தார்கள். படீர், படீர், படீர். ஒவ்வொருவனாகக் கரையில் விழுந்தான். அல்லிக்குளத்தின் பக்கம் ஆளே இல்லை. காலி இடத்தில் புன்னைக்காய் மட்டும் மிதந்தது. நாரை தூக்கிய காலைக் கீழே வைத்தார். கோப்பை வாய்க்காலுக்கு.

கோப்பையைக் கொண்டுபோக வந்தவர்கள் அதை மெதுவாகச் சாய்த்து, மாஸ்டரின் பாசி மெத்தையைக் கல்லின் மேல் மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். பழைய வளையிலிருந்து தேள் எட்டிப் பார்த்தது. காலி செய்வதாக அது சொல்லவில்லை.

“மாஸ்டர்,” என்றார் ஓடையப்பர். “நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க.” அன்றைக்கு மட்டும் அவர் ஒரே மூச்சில் பேசிவிட்டார்.

கொடுக்குமுத்து கரையின் கோடியில் போய் நின்றார். முகத்தை நேராக வைத்தார். முதல் காலை முன்னால் எடுத்து வைத்தார். அது இரண்டாவது காலின் மேல் ஏறியது. இரண்டாவது மூன்றாவதை மிதித்தது. அந்தப் பக்கத்துக் கால்கள் இந்தப் பக்கத்துக் கால்களோடு சண்டைக்கு வந்தன. மாஸ்டர் பொத்தென்று மல்லாக்க விழுந்தார். அத்தனை கால்களும் வானத்தைப் பிறாண்டின. நண்டு மல்லாந்தால் தானாக எழுவது லேசில்லை. வெயில் வயிற்றில் சுட்டது. யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

புல்லிலிருந்து தத்தித் தத்தி நாலைந்து பேர் வந்தார்கள். குண்டுமணி முன்னால் நின்றான். மாஸ்டரின் ஓட்டுக்கு அடியில் பின்னங்காலைக் கொடுத்து ஒரே தள்ளு. மாஸ்டர் புரண்டு நிமிர்ந்தார்.

“இந்தக் காலைத்தான் சார் கட்டி வச்சீங்க” என்றான் குண்டுமணி.

கொடுக்குமுத்து தரையைப் பார்த்தார். “குதிச்ச விதம் நல்லாத்தான் இருந்தது” என்றார்.

“அடுத்த மழைக்கு எங்க பிள்ளைங்களை உங்ககிட்டேயே அனுப்புறோம் சார். ஆனா அந்தப் பாசிக் கயித்தை மட்டும் எடுத்துராதீங்க.”

அடுத்த மழைக்குக் குளக்கரையில் நுரை நுரையாக முட்டைகள் மிதந்தன. இன்னும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பக்கத்துக் கல்லில் கொடுக்குமுத்து கொட்டக் கொட்ட விழித்தபடி காவல் உட்கார்ந்திருந்தார். மதகுப் பக்கம் விரால் தலை தெரிந்தாலே, “வடிவக்கா, இந்தத் தடவை இடைஞ்சல் எதுவும் இல்லே, போய்ட்டு வா” என்று குரல் கொடுத்தார்.

நேற்று வென்றவர்களின் காலைக் கட்டி வைப்பவன், நாளை வெல்லப் போகிறவர்களைத் தன் கையாலேயே எதிரிக்குத் தாரை வார்க்கிறான்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். தினமும் நான் கால் கழுவுவது அந்தக் குளத்தில்தான், மாஸ்டருக்குக் கொடுக்கு இன்னும் கூர்மையாகவே இருக்கிறது.